வடியும் நாளின் கணக்கு

அணையின் மதகுகளை எந்த அளவு திறப்பது என்று சொல்லும் நிரல் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அது ஓடிய கணினி கோடையில் பழுதாகி நின்றது. புதுக் கணினி வந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பொறுப்பு தணிகாசலத்திடம் வந்தது. மின் பொறியாளராக இருந்து, ஐம்பது வயதுக்கு மேல் நிரல் எழுதப் படித்தவர். கற்றுக்கொடுத்தவர் ஆதிரை. தணிகாசலத்தின் மகள் வயது.

நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். புதுக் கம்பைலர் அதை வாங்கவே மறுத்தது. திரை முழுக்கப் பிழைகள்.

“அன்னைக்குச் சரியா இருந்தது இன்னைக்கு எப்படி மேடம் தப்பாகும்?”

“பாருங்க சார்” என்று மட்டும் சொன்னார் ஆதிரை.

மறுநாள் தணிகாசலம் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“பழைய விதிப்படியே படின்னு கம்பைலருக்கு ஒரு வரி கொடுத்தேன். ஒரு பிழைகூட இல்லை. முன்னாடி வெள்ளம் வந்த நாளோட அளவுகளைக் கொடுத்தும் பார்த்துட்டேன். சரியாச் சொல்லுது.”

“வெள்ளம் வடிஞ்ச நாள்?”

“வடியும்போது என்ன மேடம் ஆபத்து?”

“கொடுத்துப் பாருங்க.”

கொடுத்தார். அன்று நீர்மட்டம் ஒரு சாண் இறங்கியிருந்தது. எல்லா மதகுகளையும் முழுதாகத் திறக்கச் சொன்னது நிரல்.

தணிகாசலம் எழுந்து நின்றுவிட்டார். அணைக்குக் கீழே ஆற்றோரத்தில்தான் அவர் தங்கை வீடு.

ஆதிரை ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். பழைய கணினியில் அந்த எண்களுக்கெல்லாம் ஒரே அளவு இடம். புதியதில் சில எண்களுக்கு இருமடங்கு இடம். ஓர் எண் சின்ன இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போகும்போது கழித்தல் குறி குறியாக இல்லாமல் எண்ணின் இலக்கமாகப் படிக்கப்பட்டது. சின்ன இறக்கம் மாபெரும் ஏற்றமாகிவிட்டது. அந்தத் தவறைப் பழைய விதி கேள்வி கேட்காமல் விட்டுவிடும்.

“அப்போ மொத்தத்தையும் புதுசா எழுதிடலாமா?”

“முப்பது மழை இந்தக் கணக்கைச் சோதிச்சிருக்கு. நாம எழுதப்போறதை எந்த மழை சோதிச்சுது?”

தணிகாசலம் தான் சேர்த்த வரியை நீக்கினார். பிழைகள் திரும்பி வந்தன. முதல் பிழையிலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றிலும் எந்த எண் எங்கே போகிறது என்று தேடி, அதற்கு எவ்வளவு இடம், கழித்தல் குறி உண்டா என்று அதன் வகையை எழுதினார். ஒவ்வொரு பகுதியையும் திருத்திய பிறகு ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் கொடுத்துப் பார்த்தார்.

ஆடி முடியும் நேரத்திலும் பிழைகள் மீதம் இருந்தன. மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

“அந்த ஒரு வரியைப் போட்டு ஓட்டிடுங்களேன்.”

“போட மாட்டேன் சார்.”

“மழை வந்துட்டா?”

“மதகுகிட்ட ஆள் நிறுத்துவேன். நானும் நிப்பேன். கையால திறப்போம்.”

ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்தபோது திரையில் ஒரு பிழையும் இல்லை. நீர் ஏறியது. பிறகு வடிந்தது. வடிய வடிய மதகுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

தணிகாசலம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம எழுதினதையும் ஒருநாள் ஒரு கம்பைலர் தப்புன்னு சொல்லுமா மேடம்?”

“சொல்லணும் சார்.”