இழை பிரித்த மான்

மூங்கில் காட்டுக் குளத்தின் மேல் விடியற்காலையில் பனி இறங்கும். எது மரம், எது மான் என்றே தெரியாது. அந்த வெள்ளை மூட்டத்துக்குள் மரத்துக்கு மரம் நூல் கட்டியிருந்தது. ஒரு முனையில் முணுமுணுத்தால் மறுமுனையில் கேட்கும்.

நூலைக் கட்டியது புலி ராஜாவின் சிலந்தி. "எல்லாம் இலவசம்! பேசுங்க, பேசுங்க!" என்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! நூல் முழுக்க மெழுகு பூசியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது.

செவ்வந்தி என்ற மான், தன் குட்டியை ஒளித்து வைத்த புதரைப் பற்றி அந்த நூலில் அக்காவிடம் சொன்னது. மறுநாள் புலி நேராக அந்தப் புதருக்கே வந்தது. பாவம், செவ்வந்திக்கு வெறும் புதர்தான் மிஞ்சியது.

அடுத்த வருடம் தூக்கணாங்குருவி கோரைப்புல்லைக் கிழித்துப் புதுக் கயிறு பின்னிக் கட்டியது. "இதில் மெழுகு கிடையாது! யார் வேணும்னாலும் பிரிச்சுப் பார்க்கலாம். யார் வேணும்னாலும் சேர்ந்து பின்னலாம்!"

காடே கொண்டாடியது. ஆனால் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"குரங்கு பார்த்திருக்கும்," என்றது அணில்.

"நான் எதுக்கு? மைனா பார்த்திருக்கும்!" என்றது குரங்கு.

மைனா பாடிக்கொண்டிருந்தது.

செவ்வந்தி மறுபடியும் நிறைசினை. எங்கே ஈனலாம் என்று அக்காவிடம் கேட்கக் கயிற்றருகே போனது. பேச வாய் வரவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பை நாடுமா? பேசாமல், கயிற்றை மூக்கால் தடவிக்கொண்டே பனிக்குள் நடந்தது. கனவில் நடப்பது போல இருந்தது.

ஆலமரத்து முடிச்சில் மூக்கு ஒட்டிக்கொண்டது! புல்லோடு புல்லாக ஒரு சிலந்தி இழை. அது புலியின் குகைப் பக்கம் போனது.

"குருவித் தம்பி! உன்னை நம்பினேனே!" என்று அலறியது செவ்வந்தி.

"என்னை நம்பச் சொல்லலியே அக்கா! பிரிச்சுப் பாருன்னுதானே சொன்னேன்? யார் வேணும்னாலும் பின்னலாம்னா சிலந்தியும் வரத்தானே செய்யும்! நானும் திரும்பிப் பார்க்காம விட்டது தப்புதான்."

செவ்வந்தி பெருமூச்சு விட்டது. "மெழுகு நூலா இருந்தா இதுகூடத் தெரிஞ்சிருக்காது. சீக்கிரம் பிரி!"

குருவி இழையைப் பிரித்து எடுத்தது. சும்மா விட்டால் ராஜாவுக்குச் சந்தேகம் வருமே! அதனால் அந்த முனையைக் குளத்து நாணலில் கட்டியது.

குகையில் புலி இழையில் காதை வைத்துக் கேட்டது. சலசல... சலசல... "காடே என் புகழைத்தான் பேசுது!" என்று கண்ணை மூடியது. அப்படியே தூங்கிப்போனது.

குளத்தின் அக்கரையில், பனி விலகும் முன்பே, செவ்வந்தி குட்டி ஈன்றது. ஈரக் குட்டி தள்ளாடி எழுந்து நின்றது. தாய்க்கு மகிழ்ச்சியில் கண் நிறைந்தது.

அன்று முதல் விடியல்தோறும் முறை வைத்து யாராவது ஒருவர் கயிற்றைத் தடவிக்கொண்டே நடந்தார். முதல் முறை மைனாவுக்கு. பாட்டை நிறுத்திவிட்டு வந்தது.

நீதி: பிரித்துப் பார்க்க முடிகிற கயிறுதான் நல்ல கயிறு, ஆனால் பிரித்துப் பார்க்கிறவர்களைத்தான் அது காப்பாற்றும்.