கல்லில் வெட்டாத பெயர்

"அந்தக் கல்லுல என் பேரையும் வெட்டச் சொல்லுங்க, சாமி."

இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றான் செந்தட்டிக்காளை, பட்டாளத்துக்காரன்.

எல்லையில் செத்த எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஊர் முக்கில் ஒரு கல் நட்டிருக்கிறோம். அதைக் காலையும் மாலையும் துடைப்பதுதான் அவன் வேலை.

"நீ சாகலையே வே," என்றார் எங்கள் ஊர்ச் சாமியார் சங்கிலி சாமி.

"செத்திருக்கணும். எல்லாரும் ஒரே காவல்ல இருந்தோம். நான் மட்டும் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்துட்டேன். தாலி கட்டின மறுநாள் சேதி வந்துச்சு."

அன்றைக்கு அடைத்த வாய்தான். கட்டினவள் பேச்சியிடம் அவன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்த்தால் பாவம். பேச்சியை நினைத்தால் அதைவிடப் பாவம்.

"சரி, வெட்டிருவோம்," என்றார் சாமி.

சாமிக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் காலையில் கல் ஆசாரி உளியோடு வந்தார். சாமி பேச்சியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"யார் பேரை வெட்டணுமோ, அந்த வீட்டுப் பொம்பளைதான் அதை வாயால சொல்லணும்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் கிடையாது. சாமியிடம் யார் போய்க் கேட்பது?

"பேரு என்னம்மா?" என்றார் ஆசாரி.

"இவுக பேருதான்."

"கல்லுல 'இவுக'ன்னு வெட்டவா?"

யாரோ சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை.

"புருஷன் பேரைச் சொன்னா அவுக ஆயுசு குறைஞ்சிரும், சாமி."

"அவன் அதைத்தான தாயி கேக்கான்?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அடக்கிவைத்த கோபமெல்லாம் அவளுக்கு அப்போதுதான் பொங்கியது. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஏ, செந்தட்டிக்காளை!"

"என்ன பேச்சி?" என்றான் அவன், சட்டென்று திரும்பி.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆசாரியாரே, உளியை எடுத்து வையும்," என்றார் சாமி. "ஆள் ஊருக்கு வந்துட்டான்."