மூக்கைக் கடன் வாங்கியவர்

ஒருவருக்காக இன்னொருவர் சமைக்கலாம், துவைக்கலாம், வரிசையில் நிற்கலாம். ஆனால் செய்யவே முடியாத வேலை எது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

சங்குத் தீவுக்குப் போகிறவர்கள் முன்பே கிருமிப் பரிசோதனை செய்திருந்தால் போதும். செய்யாதவர்கள் இரண்டு வாரம் கொட்டகையில் தனித்திருக்க வேண்டும். எதற்கும் ஆளை அனுப்பியே பழகிய தணிகாசலம், சோதனைக்கும் தன் பெயரில் சமையல்காரி அஞ்சலையை அனுப்பினார். பேரன் முகிலன் மட்டும் தானே போய்ச் செய்துகொண்டான்.

படகுத்துறையில் நர்ஸிடம் தன் சான்றிதழையும் பேரனுடையதையும் நீட்டி, கூட வந்த அஞ்சலையைக் காட்டி, "இவளுக்குச் சோதனை இல்லை. கொட்டகையில் போடுங்கள்" என்றார் தணிகாசலம்.

தீவில் அஞ்சலையின் மகளுக்கு அது பிரசவ வாரம். அஞ்சலை நர்ஸிடம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஐயா தைரியசாலிம்மா. சோதனையில கண்ணே கலங்கலையாம்."

"ஊசிக்கெல்லாம் எவனாவது கலங்குவானா?" என்று தணிகாசலம் தோளைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்கு ஊசியே கிடையாதுங்க. மூக்குல குச்சிதான் விடுவாங்க. யார் மூக்குல விட்டாங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"என் மூக்குலதான்" என்றாள் அஞ்சலை. பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டபோது, தணிகாசலம் பெயரில் வந்தது மூக்குத்தி போட்ட அம்மாதான் என்றார்கள்.

சோதனை செய்துகொண்ட அஞ்சலையைப் படகில் ஏற்றி, தணிகாசலத்துக்குக் கொட்டகையைக் காட்டிவிட்டு, "தம்பி, தாத்தாவோட இருக்கியா, படகுல போறியா?" என்று நர்ஸ் முகிலனைக் கேட்டாள்.

முகிலன் படகில் ஏறி அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்தான்.