ஒரு மடக்கு

கோமதிநாயகம் குன்றேறி வந்தபோது தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. நடக்க நடக்க உள்ளே டப்பாக்கள் இடித்துக்கொண்டன. மழை விட்டிருந்தது. மூட்டம் விடவில்லை. கீழே தேயிலைச் சரிவு பாதிக்கு மேல் கண்ணில் படவில்லை.

குடிசை வாசலில் சாமி விறகைப் பரப்பிக்கொண்டிருந்தார். அந்த ஈரத்தில் அது காயாது என்று அவருக்கும் தெரியும்.

"என்னவே, கடை போட வந்திருக்கீரா?"

சாமிக்கு ஊர் தென்காசிப் பக்கம். காவி கட்டிப் பதினைந்து வருடமாகியும் ஊர்ப்பேச்சு போகவில்லை. கோமதிநாயகத்தைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் குரு அவர்தான். ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கோமதிநாயகம் வந்து அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போவார். சாவைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் அது வேறு யாருக்கோ வருவதாக இருந்தது.

கடைசி மூன்று வெள்ளி அவர் வரவில்லை.

"ஆஸ்பத்திரியில அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க சாமி," என்றார். "வயித்துல கட்டி. இனி மருந்து இல்லையாம். ஒரு மாசம் தாண்டினா பெரிசுங்காங்க."

சாமி கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

"உலகம்மை தாயிக்கா?"

"ஆமா சாமி."

கோமதிநாயகம் உட்காரவில்லை. பையைத் திறந்து டப்பாக்களைக் கல்லின் மேல் எடுத்து வைத்தார். முப்பத்துநான்கு வருடம் குன்னூரில் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர் அவர். ஒரு வாய் உறிஞ்சினால் போதும், இலை எந்தச் சரிவில் பறித்தது, பறித்த அன்று மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். இப்போது அந்த நாக்கு முழுவதையும் மனைவிக்காகத் திருப்பியிருந்தார்.

"விடிஞ்சதும் பச்சைத் தேயிலை. கட்டியை வளரவிடாதுன்னு ஒரு புஸ்தகத்துல போட்டிருந்தான். அப்புறம் இஞ்சி, குமட்டலுக்கு. மத்தியானம் செம்பருத்திப்பூ, ரத்தத்துக்கு. தூக்கத்துக்குத் துளசி. ஆவாரம்பூ, எலுமிச்சைப்புல்லு எல்லாம் குடுத்துப் பார்த்தாச்சு. இது வெள்ளைத் தேயிலை, மொட்டு மட்டும் கிள்ளினது. தெரிஞ்சவன்கிட்டச் சொல்லி வாங்கினேன். ஏழு தினுசு சாமி. ஒண்ணும் கேக்கலை." டப்பாக்களை விரலால் தொட்டு எண்ணினார். "எட்டாவது ஒண்ணு இருக்கும். நீங்க மலையிலயே கிடக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"உமக்குத் தெரியாத இலையாவே எனக்குத் தெரியப்போகுது?"

"வெளையாடாதீங்க சாமி."

"வெளையாடலை. அவங்களுக்கு இதுல எது பிடிச்சுது?"

கோமதிநாயகம் புரியாமல் பார்த்தார். "மருந்துல பிடிக்கிறது பிடிக்காததுன்னு என்ன இருக்கு?"

"குடிச்சிட்டு என்ன சொல்லுவாங்க?"

"என்னத்தைச் சொல்லுவா? 'அதை அப்படி வச்சிட்டுக் கொஞ்ச நேரம் உக்காருங்க'ம்பா. எங்க உக்கார? அடுத்ததுக்கு வெந்நி போடணும். பச்சைத் தேயிலைக்குக் கொதிக்கவிடக் கூடாது, முந்தியே இறக்கணும். கண்ணை எடுக்க முடியாது. நேரத்தோட அருமை அவளுக்குத் தெரியலை சாமி."

சாமி எழுந்து உள்ளே போனார். அடுப்பில் கிடந்த டீயை ஒரு கிளாசில் ஊற்றிக்கொண்டு வந்தார். கடைத்தூள், பால், கொஞ்சம் கருப்பட்டி.

"குளிருது. குடியும்."

கோமதிநாயகம் வாங்கினார். உதட்டருகே கொண்டுபோய் 'சுர்' என்று உறிஞ்சினார். கன்னத்துக்குள் ஒருமுறை சுழற்றினார். தலையைத் திருப்பிச் செடியோரமாகத் துப்பினார்.

"தூள் பழசு," என்றார். "ஈரம் பட்டிருக்கு."

சாமி துப்பிய இடத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

அப்போதுதான் கோமதிநாயகத்துக்கு உறைத்தது. முகம் கறுத்துப்போனது.

"மன்னிச்சிருங்க சாமி. தொழில் பழக்கம். ஒரு நாளைக்கு முன்னூறு கோப்பை. முழுங்கினா நாக்கு செத்துப்போகும். வாய்ல பட்டதும் தன்னால..."

"வீட்டுலயும் அப்படித்தானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது வீட்டு ஜன்னல் கண்முன் வந்தது.

இன்று காலையும் அப்படித்தான். கட்டிலருகே நின்று இஞ்சித் தேநீரை உறிஞ்சி, ஜன்னல் வழியே துப்பிவிட்டு, காரம் சரி என்று அவள் கையில் கொடுத்திருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான மூன்றாம் நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முதன்முதலாகப் போட்ட டீ. கிளாசைக் கொடுத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்தபடி எதிரிலேயே நின்றாள். அவர் உறிஞ்சினார். சுழற்றினார். முற்றத்தில் துப்பினார். "ரொம்பக் கொதிக்கவிட்டுட்டே," என்றார். உண்மையைத்தான் சொன்னார். "நான் போட்டதை ஒரு மடக்கு முழுங்கினா செத்தா போவீய?" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் அவருக்கு டீ போட்டதாக நினைவில்லை. இரண்டு பேருக்கும் அவர்தான் போட்டார். நல்ல டீ. அது எப்படி அப்படி ஆனது என்று முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எல்லாவற்றையும் நின்றபடியே சாமியிடம் சொன்னார். கையில் கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தது.

"பிழைச்சிருவாளா சாமி?"

"மாட்டாங்கவே."

மூட்டம் வாசல்வரை ஏறி வந்தது. பிறகு கோமதிநாயகம் கிளாசைக் கல்லில் வைத்துவிட்டு டப்பாக்களைப் பைக்குள் போட ஆரம்பித்தார். ஒரு டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணையாவது சொல்லி அனுப்புங்க சாமி. வெறுங்கையோட எப்படிப் போவேன்? எந்த டீ?"

"அன்னைக்கு அவங்க போட்டது எந்தத் தூளுவே?"

"கடைத்தூள்தான்."

"எப்படிப் போட்டாங்கன்னு பக்கத்துல உக்காந்து கேளும். அவங்க சொல்லச் சொல்ல, அதே மாதிரி போடும்."

"அந்தக் கடுங்கொதி டீயையா? அவ வயிறு தாங்காதே சாமி."

சாமி ஆறிப்போன கிளாசை எடுத்து அவர் கையில் திரும்பக் கொடுத்தார்.

"அவங்க குடிக்கன்னு யாருவே சொன்னா?"