கரையில் இருப்பவளின் பெயர்

குரு என்றதும் நரைத்த தாடியைத் தேடுகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். இந்தக் கதையில் குருவுக்கு நாற்பது வயது, பெயர் மங்கையர்க்கரசி. தாடியும் நரையும் சீடருக்குத்தான். அவர் இஞ்ஞாசி கொரைரா. தூத்துக்குடிக்காரர், ஜெனோவாத் துறைமுகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர்.

புதுச்சேரியில் ஒரு மாடி அறையில் இருவருக்கும் வேலை. இத்தாலியில் உள்ள ஓர் அருங்காட்சியகம், பழங்கால ரோமானிய வீடுகளின் சுவரோவியங்களைப் படமெடுத்து, இத்தாலியத் தலைப்போடு அனுப்பும். அந்தத் தலைப்புகளை இவர்கள் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். கொரைராவுக்கு இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பேசத் தெரிந்தவருக்கெல்லாம் மொழிபெயர்க்க வந்துவிடுமா என்ன? அதைக் கற்றுக்கொள்ளத்தான் மங்கையர்க்கரசியிடம் வந்து சேர்ந்தார். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை அவர் முகம் சரியாக இல்லை. வரும் வழியில் மைத்துனன் ரெமிஜியுஸ் ஊரிலிருந்து போன் செய்திருந்தான்.

"அக்காவுக்குக் கல்லறை கட்டியாச்சு, அத்தான். கல்லுல என்ன வெட்டணும்னு கேக்காங்க. இன்னைக்கே வேலையத் தொடங்கணும்."

"எப்பவும் போலத்தான். இஞ்ஞாசி கொரைராவின் மனைவி எஸ்கலின்."

ரெமிஜியுஸ் நிதானமாகச் சொன்னான்.

"நம்ம கல்லறைத் தோட்டத்துல எல்லாப் பொம்பளையளுக்கும் அப்படித்தான் போட்டிருக்கு. உங்களுக்கு உரிமை இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா என்னையக் கேட்டா, அக்கா பேர் மட்டும் போதும். யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? கொரைராவுக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் கோபப்பட யோக்கியதை உண்டா என்று சந்தேகம் வந்தது.

கல்யாணமான மறு வருஷம் கப்பலேறியவர் அவர். ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கப்பலேறும் ஆண்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. ஜெனோவாவில் இறங்கினார், அங்கேயே தங்கிவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் போட்டார். பிறகு அதுவும் நின்றது. தலை முழுக்க நரைத்தபின் திரும்பி வந்து, எஸ்கலின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் அழவில்லை, ஏசவில்லை. உள்ளே கூப்பிட்டு, சாளைமீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான்.

மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை சோற்றோடு சோறாகத் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். போன மாதம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கல்லிலாவது அவளோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

டீச்சர் அன்றைய படத்தை மேசைமேல் வைத்தார். மங்கிய சிவப்புச் சுவரில் ஒரு பெண். மணலில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை தரையில் ஊன்றியிருக்கிறது. ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு கப்பல். கீழே இத்தாலியனில் ஒரே சொல்: கைவிடப்பட்டவள்.

கொரைரா நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுதி நீட்டினார்.

டீச்சர் படித்தார். ஆங்கிலத்தில், கடற்கரையில் ஒரு பெண் என்று இருந்தது.

"ஐயா, கைவிட்டது எங்க?"

"விட்டுட்டேன், டீச்சர்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சேதான்."

மொழிபெயர்ப்பவர் தன் இஷ்டத்துக்கு ஒரு சொல்லைக் கழற்றி எறிவது இந்தத் தொழிலில் லேசான குற்றமல்ல. டீச்சருக்கு இதற்கு முன் சின்னச் சின்னத் தப்புக்கே சுருக்கென்று கோபம் வந்திருக்கிறது. அன்று வரவில்லை.

"ஏன்?"

"படத்துல கைவிட்டவன் மூஞ்சி இருக்கா? இல்ல. பேர் இருக்கா? அதுவும் இல்ல. வரைஞ்சவன் எந்தத் தலைப்பும் வைக்கல. தோண்டி எடுத்தவங்க பின்னால வச்சதுதானே இது? எவனோ ஒருத்தன் விட்டுட்டுப் போனான். போனவன் போகட்டும். அவ பேர்ல அவன் என்னத்துக்கு ஒட்டிக்கிட்டு இருக்கணும்?"

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தலைப்பு யாருக்காக, டீச்சர்? எழுதினவங்களுக்கா, பாக்க வர்றவங்களுக்கா, அவளுக்கா?"

டீச்சர் காலி டீ கிளாஸை எடுத்து, படத்தில் கப்பல் இருந்த மூலையில் வைத்தார். கப்பல் மறைந்தது.

"இப்ப பாருங்க. என்ன பண்றா?"

கொரைரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"கைய ஊனியிருக்கா. எந்திரிக்கப் போறா."

"அழறாளா?"

"இல்ல. வேற ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி இருக்கு."

டீச்சர் கிளாஸை எடுத்தார்.

"இப்ப?"

கொரைரா பார்த்தார். அதே கை, அதே மணல், அதே கண்.

"காத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நினைத்தது அந்தப் பெண்ணை இல்லை. எஸ்கலின் எத்தனை வேலை பார்த்திருப்பாள், எத்தனை பேரோடு சிரித்திருப்பாள், என்னென்ன கஷ்டத்தைத் தனியாகச் சமாளித்திருப்பாள்! அதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. ஜெனோவாவில் அவளை நினைத்தபோதெல்லாம் அவள் வாசலில் காத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தார்.

"அப்ப நான் எழுதினது சரிதானே, டீச்சர்?"

"அதை நாம முடிவு பண்ண முடியாது. கப்பல் சுவத்துல இருக்கு. நீங்க சொன்ன காரணத்தை அப்படியே எழுதி மியூசியத்துக்கு அனுப்பறேன். ஒத்துக்கிட்டா மாத்தலாம். ஒத்துக்கலன்னா அவங்க சொல்லைத்தான் நாம போடணும்."

"சொல்லிப் பாப்பீங்கள்ல?"

"கண்டிப்பா."

கொரைராவுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்கு ஏதோ நல்லது செய்துவிட்டது போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. ரெமிஜியுஸ்.

"அத்தான், ஆள் வந்தாச்சு. என்ன வெட்டச் சொல்ல?"

"ஒரு நிமிஷம் இருப்பா."

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு டீச்சரிடம் முழுவதையும் சொன்னார். கப்பலேறியது, சாளைமீன் குழம்பு, ரெமிஜியுஸ் காலையில் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை.

"என் பேரைப் போடச் சொல்லப் போறேன். தப்பில்லையே, டீச்சர்? தாலி கட்டினவன் நான்தானே? பொய் ஒண்ணும் இல்லையே?"

"பொய் இல்ல, ஐயா."

"அப்ப சொல்லிரவா?"

டீச்சர் மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்குக் கப்பலை வரைஞ்சுட்டாங்க. இனி யாராலயும் அழிக்க முடியாது. அந்தக் கல்லுல இன்னும் ஒண்ணும் வெட்டலையே, ஐயா."

போனுக்குள் ரெமிஜியுஸ் அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.