கல் நிறைந்த கலயம்

"என் கோபம் போக எத்தனை நாளாகும் ஆத்தா?"

மலையேறி வந்த வேர்வைகூடக் காயவில்லை. அதற்குள் சாத்தையா கேட்டுவிட்டார்.

வேம்பு கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க போகணும்ண்ணே அது?"

"எங்க வேணா போகட்டும். என்னைய விட்டாப் போதும்."

"அவசரமோ?"

"அவசரம்தான்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் செல்லாயியின் வளைகாப்புப் பந்தியில், ரசத்தில் உப்பு குறைச்சல் என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னார். ஒரே ஒரு வார்த்தை. சாத்தையா அவர் முன்னால் கிடந்த இலையைச் சோற்றோடு இழுத்துத் தெருவில் எறிந்தார். தடுக்க வந்த சம்பந்திக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்தது.

பேரன் பிறந்தபோது செல்லாயி ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள். அப்பா வரலாம். ஆனால் மொட்டைக் கரட்டு வேம்பு ஆத்தா பார்த்து அனுப்பிவைத்தால்தான் வரலாம். அதுவரைக்கும் வாசல் திறக்காது, பிள்ளையைத் தொடவும் விடமாட்டாள்.

அதனால்தான் இந்த மலை.

வேம்பு அவரைவிட வயசில் சின்னவள். அவள் காலில் விழ அவருக்கு முதுகு வளையவில்லை. அவளும் விழச் சொல்லவில்லை. குகைக்குள் போய் ஒரு மண்கலயத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். திரும்பவும் முறத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே அதுதான் வழக்கம். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கலயம். உடைந்தால் வேறு கிடையாது. எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. கலயம் எதற்கென்று எந்த ஊரில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சாத்தையா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குருமார்கள் எதையும் சும்மா கொடுக்கமாட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். கலயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்க்குள் எட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பொழுது சாயும்போது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

கோபப்படாத நாளுக்கு ஒரு கல். கலயம் நிறைகிற அன்று கோபம் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் ஒரு தடவை கோபம் வந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

வேம்புவிடம் போய்ச் சொன்னார். அவள் அவர் கையிலிருந்த முதல் கல்லை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வழவழன்னு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

சம்மதம் என்று சாத்தையா எடுத்துக்கொண்டார்.

மொட்டைக் கரட்டில் மரம் கிடையாது, மண் கிடையாது. வெறும் பாறை. தண்ணீர் வேண்டுமென்றால் பாதி மலை இறங்கவேண்டும். அங்கே ஒரு சுனை. விடியும்போது இறங்கினால் பாறை சுடுவதற்குள் கலயத்தோடு ஏறிவிடலாம். அவரவர் தண்ணீர் அவரவர் பாடு. வேம்புகூடத் தன் கலயத்தைத் தானே சுமந்தாள்.

சாத்தையா இறங்கவில்லை. அவர் கலயத்துக்கு வேறு வேலை இருந்தது.

அந்த நேரத்தில் மலையில் இருந்த இன்னொருவன் முத்திருளாண்டி. பேச்சைக் குறைக்க வந்தவன். வந்து வருஷமாகிறது, ஒரு வேளைகூடக் குறைத்ததில்லை. தன் ஊர்ச் சண்டை, பக்கத்து ஊர்ச் சண்டை, மாடு தொலைந்தது, மாடு கிடைத்தது, கிடைத்தது வேறு மாடு என்று தெரிந்தது. எல்லாம் பேசுவான். கேட்க ஆளில்லாவிட்டால் பல்லியிடம் பேசுவான்.

முதல் நாள் சாத்தையா நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தபோது அவன்தான் தன் கலயத்தைச் சாய்த்து அவர் கையில் ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. "முத்திருளாண்டி" என்று குரல் கொடுத்தால் தண்ணீர் வரும். தண்ணீரோடு ஒரு கதையும் வரும். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதை பாதியில் இருக்கும்போதே சாத்தையா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்டுக்கொண்டிருந்தால் கோபம் வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

கலயத்தில் கல் ஏறியது.

அடியை மூடியது. கால்வாசிக்கு வந்தது. சாத்தையா நாளைக்கு நாலு தடவை உள்ளே எட்டிப் பார்ப்பார். கையை விட்டு அளைவார். நெல் குதிருக்குப் பக்கத்தில் நிற்கிற மிராசுதார் மாதிரி ஒரு முகம் வந்துவிடும்.

வேம்பு சந்தைக்குப் போய்வந்து சொன்னாள், பேரன் குப்புற விழுந்துவிட்டானாம்.

சாத்தையா எழுந்து போய்க் கலயத்துக்குள் பார்த்தார். இன்னும் நிறைய இடம் இருந்தது.

அரைவாசி வந்தபோது ஒரு ஆடு வந்தது.

யார் ஆடோ. அடிவாரத்தில் மேய்ந்தது வழி தவறி ஏறியிருக்கும். கலயத்துக்குள் தவிடு இருக்கிறது என்று நினைத்ததோ என்னமோ, தலையை விட்டுப் பார்த்தது. தலையை எடுக்கத் தெரியாமல் முட்டியது. கலயம் சாய்ந்தது. கற்கள் பாறையில் கடகடவென்று உருண்டு பள்ளத்துக்குப் போயின.

சாத்தையா கத்திய கத்தலில் சுனைக்குப் போயிருந்த வேம்பு தலையைத் தூக்கிப் பார்த்தாளாம். கையில் அகப்பட்ட கல்லை எடுத்து ஆட்டின் மேல் வீசினார். ஆடு தப்பித்தது. வீசிய பிறகுதான் தெரிந்தது, கையில் அகப்பட்டது கோபப்படாத நாளின் கல்.

முத்திருளாண்டி விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆட்டுக்கும் சேத்து ஒரு கலயம் வாங்கிருவோமா மாமா?"

சாத்தையா மிச்சமிருந்ததைத் தானே கொட்டினார்.

அன்றைக்கு வேம்புவின் முன்னால் போய் உட்கார்ந்தார். இத்தனை நாள் சேர்த்தது ஒரு ஆட்டால் போனதே என்றார். கலயத்தைக் காவல் காக்க ஆள் இல்லை என்றார். முத்திருளாண்டி சிரித்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் அவள் கேட்டாள்.

"ஆட்டுக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டாள்.

அவர் பார்த்திருக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை சாத்தையா புத்திசாலியாகிவிட்டார். ஆள் இருக்கிற இடத்தில்தானே கோபம் வரும்? மலையின் பின்பக்கம் ஒரு பொந்து இருந்தது. கலயத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார். தானும் அங்கேயே இருந்தார். யாரிடமும் பேச்சில்லை. ஆடு வராமலிருக்கப் பாறை இடுக்கில் முளைத்திருந்த முள்ளை வெட்டி வைத்தார். தண்ணீரும் கூழும் மட்டும் முள்ளுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கும். "மாமா, வச்சிருக்கேன்" என்று குரல் கேட்கும். குரல் தூரம் போனபிறகு அவர் எடுத்துக்கொள்வார்.

நடுவில் காய்ச்சல் வந்து சுருண்டு கிடந்தார். நெற்றியில் ஈரத்துணி இருந்தது அவருக்கு லேசாக ஞாபகம். காய்ச்சலில் கோபம் வரவில்லை. உடம்பு தேறியதும் விட்டுப்போன கற்களைப் போட்டுக்கொண்டார்.

பேரன் உட்கார்ந்துவிட்டானாம். தவழ்கிறானாம். சுவரைப் பிடித்து நிற்கிறானாம். வேம்பு ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு சேதி கொண்டுவந்து முள்ளுக்கு வெளியே நின்று சொல்வாள். அந்தப் பிள்ளை எந்தக் கலயத்திலும் எதையும் போடவில்லை. தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் கல் கலயத்தின் கழுத்துக்கு வந்து வாயையும் தொட்டது. இன்னொன்று வைத்தால் உருண்டு விழும்.

சாத்தையாவால் கலயத்தைத் தூக்க முடியவில்லை. அணைத்துப் பிடித்து, நாலு எட்டுக்கு ஒருதரம் இறக்கிவைத்து, குகை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

வேம்பு அப்போதுதான் சந்தையிலிருந்து ஏறி வந்திருந்தாள். முகம் கருத்திருந்தது. மூட்டையை இறக்கிவிட்டுப் பாறை நிழலில் சாய்ந்திருந்தாள்.

"ஆத்தா, நெறஞ்சுருச்சு."

அவள் பார்த்தாள்.

"உத்தரவு குடுங்க. நான் எறங்கணும். எம் பேரனப் பாக்கணும்."

"பேரன் நடக்குறானாம்ண்ணே" என்றாள். அப்புறம், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

"இந்தா ஆத்தா." சாத்தையா திரும்பி, "டேய் முத்திருளாண்டி, தண்ணி!" என்றார்.

"அவன்ட்ட கேக்கல. உங்ககிட்ட கேட்டேன்."

"என் கலயத்துல கல்லுல்ல இருக்கு ஆத்தா."

"ஆமா" என்றாள் வேம்பு. "அப்ப இத்தன நாளா நீங்க எதுல குடிச்சீங்க?"

பதில் சுலபம். சாத்தையா திரும்பிப் பார்த்தார்.

குரல் கேட்டு முத்திருளாண்டி கலயத்தோடு வந்துகொண்டிருந்தான். நடை ஒரு மாதிரி இருந்தது. குதிகாலை ஊன்றாமல் விரலால் நடந்து வந்தான். சாத்தையா அவன் காலைப் பார்த்தார். அன்றைக்குத்தான் பார்த்தார். குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. விரலுக்கிடையில் கொப்புளம் உடைந்து காய்ந்து அதன் மேல் மறுபடி கொப்புளம்.

விடியற்காலையில் இறங்கி ஏறினால் கால் இப்படி ஆகாது. பாறை சுடும்போது இறங்கினால்தான் ஆகும்.

"நீ எத்தன நடை எறங்குற?"

"எங்க?"

"சுனைக்கு."

முத்திருளாண்டி வானத்தைப் பார்த்தான். "கொக்கு போகுது மாமா" என்றான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"காலைல ஒண்ணு. அப்புறம் ஒண்ணு." கலயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "காய்ச்சலப்ப கொஞ்சம் கூட."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க கோவத்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. நடுவுல போயித் தண்ணியப் பத்தி என்ன பேச்சு?"

ஊரில் உள்ள அத்தனையையும் பேசுகிறவன். பல்லியிடம் பேசுகிறவன். இந்த ஒன்றைப் பேசாமலே வைத்திருந்தான்.



சாத்தையா கலயத்தைச் சாய்த்தார். கல் எல்லாம் கொட்டியது. சில உருண்டன, சில அங்கேயே கிடந்தன. அவர் குனிந்து பார்க்கவில்லை. வெறும் கலயத்தைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் இறங்கினார்.

பாறை சுட்டது. எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்து வழுக்கித்தான் இறங்க முடிந்தது. சுனையில் கலயத்தைக் கழுவி நிரப்பி ஏறும்போது இன்னும் மோசம். ஏறுகிறவனுக்குக் கை வேண்டும், கலயம் கையைக் கொடுக்காது. முழங்கால் சிராய்த்தது. பாதி தளும்பிப் போய்விட்டது. இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். இரண்டு தடவையும் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

மேலே வந்து வேம்புவிடம் நீட்டினார். அவள் முகவாயால் முத்திருளாண்டியைக் காட்டினாள்.

சாத்தையா அவன் முன்னால் உட்கார்ந்தார். வேம்புவின் முன்னால் வளையாத முதுகு வளைந்தது. அவன் சேர்த்துப் பிடித்த கையில் ஊற்றினார். அவன் குடித்து முடிக்கும்வரை ஊற்றினார்.

முத்திருளாண்டி வாயைத் துடைத்தான்.

"கல்லு வாசம் அடிக்குது மாமா. கலயத்த ஒழுங்காக் கழுவலையா?"

"நாளைக்கு நல்லாக் கழுவுறேன்."

"நாளைக்குமா?"

"அப்புறம்? நீ எறங்கக் கூடாது. கால் ஆறட்டும்." சாத்தையா அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அவன் கூச்சத்தில் நெளிந்தான். "அன்னிக்கு மாடு தொலஞ்ச கதைய சொன்னியே. கெடச்சது வேற மாடுன்னு தெரிஞ்சதும் என்ன செஞ்சாங்க?"

முத்திருளாண்டி அவரை நம்பாமல் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான். அது நீளமான கதை. நடுவில் இன்னொரு மாடு வந்தது. சாத்தையா முகத்தைத் திருப்பவில்லை. இரண்டாவது மாட்டின் சொந்தக்காரன் வந்தபோது சிரித்துக்கூட விட்டார்.

வேம்பு கலயத்தை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். வெறும் கலயத்தை அவர் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த வாரம் முத்திருளாண்டி குதிகாலை ஊன்றி நடந்தான். அன்றைக்குச் சாத்தையா சுனையிலிருந்து ஏறி வந்தபோது வேம்பு கேட்டாள்.

"செல்லாயி ஊருக்கு எந்தப் பக்கமா எறங்கணும்ண்ணே?"

அதுதான் உத்தரவு என்று சாத்தையாவுக்கு விளங்கியது.

"நான் ஒரு கல்லும் வைக்கலையே ஆத்தா."

"பாத்தேன்."

"அங்க போயி கோவம் வந்துச்சுன்னா?"

"வரும்."

அவர் தலையில் இருந்த கலயத்தை இறக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இதை என்ன செய்ய? இங்க வச்சுட்டுப் போகவா?"

"கையோட கொண்டுபோங்க" என்றாள் வேம்பு. "நடக்குற புள்ளைக்குத் தாகம் எடுக்கும்ல."