மேலே தொங்கிய முரட்டுச் சிட்டம்

காற்றை மட்டும் நம்பிக் கப்பல்கள் கடல் தாண்டிய காலத்தில் சங்குமுனை என்றொரு பட்டினம் இருந்தது, கேளுங்கள். சங்குமுனை நூல் சாவகத்துக்குப் போகும், சீனத்துக்குப் போகும், பெயர் தெரியாத தீவுகளுக்கும் போகும்.

அங்கே ஒரு வழக்கம். நூல் சிப்பத்தின் வாயைத் தைத்து, மேலே மாதிரிக்குச் சுற்றிக் கட்டிய ஒரு சிட்டம் நூலைத் தொங்கவிடுவார்கள். வாங்குகிறவர் அதைத் தடவிப் பார்த்து விலை பேசுவார். சிப்பத்தைப் பிரிக்கச் சொல்வது மரியாதைக் குறைவு. இந்த மரியாதை வியாபாரிகளுக்கு வசதியாகப் போயிற்று. மேலே மெல்லிய நூல், உள்ளே முரட்டு நூல்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றார்கள், கேட்டவர்களும் நம்பினார்கள்.

வேம்பி என்ற வியாபாரி மட்டும் முரட்டு நூலை முரட்டு நூலென்றே விற்றாள். விரலில் சொரசொரக்கும் சிட்டத்தையே மேலே கட்டினாள். கப்பற்பாய்க்கும் கூடாரத்துக்கும் அதுதானே வேண்டும்? அதில் என்ன வெட்கம்?

அவள் சிட்டத்தைப் பார்த்த அயல்நாட்டார் பக்கத்துச் சிப்பங்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். மற்றவர்கள் பொறுப்பார்களா?

முதலில் பக்கத்துக் கடைக்காரன் வந்தான்.

“ஊரோடு ஒத்து வாழ், வேம்பி. மெல்லிய சிட்டம் ஒன்று நானே தருகிறேன்.”

“வேண்டாம்” என்றாள்.

அடுத்து வணிகச் சபைத் தலைவர் பெருந்தேவனார் வந்தார்.

“சிட்டத்தை மாற்று. இல்லையென்றால் இந்தக் கடைத்தெருவில் உனக்கு இடமில்லை.”

“மாற்ற மாட்டேன், ஐயா.”

அன்றே அவள் கடையைப் பிடுங்கினார்கள். அவளுக்கு நூற்றுத் தந்த பெண்கள் பிழைப்புப் போயிற்றே என்று கலங்கி நின்றார்கள். வேம்பிக்கும் பயம்தான். ஆனாலும் கடற்கரை மணலில் சிப்பங்களை அடுக்கி, மேலே அதே சிட்டத்தைக் கட்டினாள்.

மூன்றாவதாக அரசனே அழைத்தான்.

“உன் முரட்டு நூலால் நாட்டின் மானம் போகிறதாமே?”

“முரட்டு நூலால் மானம் போகாது, மகாராஜா. மேலே ஒன்றும் உள்ளே ஒன்றும் வைத்தால்தான் போகும்.”

கூட வந்திருந்த வணிகச் சபையோர் கொதித்தார்கள். அரசனுக்கும் கோபம் வந்தது.

“அடுத்து வரும் கப்பல் உன் நூலை வாங்காவிட்டால் நீ நாட்டை விட்டே போக வேண்டும்” என்றான்.

“சரி” என்றாள் வேம்பி. தலை குனியவில்லை.

அடுத்து வந்தது சாவகத்துக் கப்பல். அரசனும் சபையோரும் கடற்கரைக்கே வந்து நின்றார்கள். அதன் தலைவன் வாங்க வரவில்லை, சண்டைக்கு வந்தான். முன்பு வாங்கிய சிப்பங்களை அரசன் முன்னால் உருட்டித் தள்ளினான்.

“மெல்லிய துணிக்கென்று வாங்கினோம். உள்ளே பாருங்கள், கோணி நூல்! இனி இந்தத் துறையில் ஒரு இழையும் வாங்க மாட்டோம்.”

வேம்பி முன்னால் வந்தாள்.

“என் சிப்பத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.”

“பிரிப்பது வழக்கமில்லையே!” என்று பதறினார் பெருந்தேவனார்.

“திருடனுக்கு வசதியான வழக்கம் எனக்கெதற்கு?” என்று அவளே கத்தியை எடுத்துத் தையலை அறுத்தாள். கப்பல் தலைவன் அடிவரை கைவிட்டு ஒரு சிட்டம் உருவினான். மேலே தொங்கியது எதுவோ, அதுவே உள்ளேயும் இருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். கப்பற்பாய் நெய்ய அவளுடைய சிப்பங்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டான்.

அரசன் வெட்கப்பட்டு அவள் கடையைத் திருப்பித் தரச் சொன்னான். பெருந்தேவனார் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

“அம்மா வேம்பி, இப்போது உன் சிட்டத்தைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள், அதில் கொஞ்சம் கொடு. எங்கள் சிப்பங்களிலும் கட்டிக்கொள்கிறோம்.”

நேற்றுவரை மாற்றச் சொன்னவர், இன்று அதையே கேட்கிறார்!

“தர மாட்டேன், ஐயா. உங்கள் சிப்பத்தைக் கிழியுங்கள். உள்ளே இருப்பதை எடுத்து மேலே கட்டுங்கள். அதற்கு என் நூல் தேவையில்லை, துணிச்சல்தான் தேவை.”

உள்ளதை உள்ளபடி காட்டத் துணிந்தவர் ஊரே எதிர்த்தாலும் தலை குனிய வேண்டியதில்லை.